போய் வருவதா, போவதா?

முதல் நாள்

காட்பாடி சந்திப்பில் இறங்கியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. அதற்குள் நடைமேடையின் சிமெண்ட் பலகையில் கை வைக்க முடியவில்லை. கத்திரி வெயில் என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினார். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியிலும் வெயில் உண்டு. ஆனால் சாயங்கால மழை வந்து அதைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே வெயில் மொட்டை மலைகளில் பட்டு மறுபடியும் நம் மேலேயே விழுகிறது.

ஆட்டோ ஓட்டிய பெரியவர் என் பேச்சை வைத்தே வெளியூர் என்று கண்டுகொண்டார். “ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அழகு இல்லாத பெண்கள். வேலூர் என்றால் இதுதானம்மா” என்றார். பழைய சொலவடையாம். கடைசிச் சொல் மட்டும் வழி முழுவதும் என்னை உறுத்தியது. பெண் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றுக்குப் போகும் வழியில் காதில் விழ வேண்டிய சொல்லா அது?

நான் மலேசியாவில் சமூகப் பணி படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. இந்தியச் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம் அனுமதி உண்டு. நான் 21 நாள் இருப்பேன். எங்கள் வெளியுறவு அமைச்சிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி அனுப்பிய பிறகுதான் இல்லத்தார் “வரலாம்” என்றார்கள். அப்படிக் கறாராக இருந்ததாலேயே இந்த இல்லத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இல்லம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை எழுத மாட்டேன். இங்குள்ள ஒரு குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. சட்டமே இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். எழுதுவதற்கு ஆளுக்கு ஒரு பூப்பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மல்லிகைக்கு நான்கு பேர் சண்டை போட்டார்கள். எட்டு வயதுக்காரி ஒருத்தி, யாரும் கேட்காத தும்பையை எடுத்துக்கொண்டாள்.

வார்டன் அம்மா என்னிடம் மூன்று விதிகளைச் சொன்னார். ஏன் இங்கே வந்தாய் என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதே. படம் எடுக்காதே. கடைசி நாள் கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாதே.

முதல் இரண்டும் வகுப்பில் படித்தவை. மூன்றாவது புதிது. ‘போகிறேன்’ என்று சொன்னால் எங்கள் வீட்டில் வாயில் அடிப்பார்கள். காரணம் கேட்டேன். “இருந்து பார், தெரியும் கண்ணு” என்றார்.

இரவுத் தங்கல் இரண்டு தெரு தள்ளி, பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் மாடி அறையில்.

இரண்டாம் நாள்

சமையற்கட்டில் ஆட்சி செய்யும் அம்மாளை எல்லோரும் ‘ஆயா’ என்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுங்கைப் பட்டாணியில் மற்ற வீடுகளில் பாட்டி, அப்பாயி, அம்மாயி. எங்கள் வீட்டில் மட்டும் ஆயா. ஏன் என்று சின்ன வயதில் கேட்டால், “நாம் வட ஆற்காட்டுக்காரர்கள்” என்பார் அப்பா. ஒரு சொல்லைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொண்ணூறு வருடம் வைத்திருந்திருக்கிறோம்.

“பசியாறிவிட்டீர்களா?” என்று பிள்ளைகளைக் கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவை அப்படித்தான் கேட்போம். அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் வீடு முழுவதும் பசியாறல்தான்.

கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நறுக்கக் கற்றுக்கொண்டேன். காம்பிலும் குல்லாவிலும் முள், ஆயா அதைக் கத்தி முனையால் தள்ளிவிட்டு விரல் படாமல் வகிர்கிறார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. ஆயாவிடம் சொன்னேன். “அது வாங்குவதற்கு முன்னாலும் இப்படித்தான் இருந்தது” என்றார்.

மாலையில் நான் கிளம்பும்போது தும்பை வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இது போய் வருவதா, போவதா?”

“போய் வருவது. நாளைக் காலை ஏழு மணிக்கு” என்றேன்.

நான்காம் நாள்

விடுமுறை என்றால் மகிழ்ச்சி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் விடுமுறைதான் கடினமான காலம். பள்ளி நடக்கும்போது எல்லோரும் ஒரே சீருடை, ஒரே சோறு, ஒரே மணி. மே மாதம் வந்ததும் வீட்டுக்குப் போகக் கூடியவர்கள், போக முடியாதவர்கள் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

இன்று மூன்று பேர் கிளம்பினார்கள். நினைத்த மாத்திரத்தில் யாரும் அழைத்துப் போய்விட முடியாது. சமூகப் பணியாளர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட வேண்டும். அழைத்துப் போகிறவரின் ஆதாரைச் சரிபார்க்க வேண்டும். பையை இரண்டு நாள் முன்பே கட்டி வைத்திருந்தார்கள். பத்தொன்பது பேர் தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி தன் பையையும் கட்டி மூன்று பேரின் பைகளோடு வாசலில் வைத்திருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மாலையில் ஆயா அதை எடுத்துப் போய் அவள் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

எனக்குக் கொடுத்த வேலை அலமாரி. பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. எதில் எது இல்லை என்று பட்டியல் எடுக்க வேண்டும். விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் பாட்டுக் கற்பிக்கவும் ஆசையாக வந்தவளுக்கு முதலில் முகம் வாடியது. பிறகு புரிந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இங்கே 2022-இலிருந்து நடக்கிறது. அந்தப் பணம் கைக்கு வரக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்குப் பிறந்த தேதி வேண்டும். இந்த வீட்டில் சிலருக்குப் பிறந்த தேதி என்பதே யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவுசெய்தது.

ஏழாம் நாள்

வைகாசி முதல் தேதி. எனக்கு விடுப்பு. குடியாத்தம் போனேன்.

என் கொள்ளுப்பாட்டி குடியாத்தத்துப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பதின்மூன்று வயதில் கல்யாணம்; அடுத்த மாதமே தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு கணவன் கிளம்ப, இவளும் கூடவே. சென்னைத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினாள். பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரலிலேயே நடப்புக்கு வந்துவிட்டது. அவளுக்கு அது தெரியாது. அவளைக் கட்டிக்கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. ரப்பர்த் தோட்டத்தில் ஆறு பிள்ளை பெற்றாள், நான்கு தங்கின. தன் அம்மாவிடம் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்ததாக என் ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பவே இல்லை.

கிராமத்தின் பெயர் எங்களிடம் இல்லை. ஒரு பழைய தாளில் ‘குடியாத்தம், வட ஆற்காடு’ என்று மட்டும் இருக்கிறது. அந்த வட ஆற்காடும் 1989-இல் இரண்டாகி, 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மேலும் மூன்றாகிவிட்டது.

ஊர் முழுக்க ஜனம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கணவனின் சொல் கேட்டு மகன் பரசுராமன் வெட்டிய ரேணுகாவின் தலையை ஊர்வலமாக எடுத்து வந்து கோயிலில் உடலோடு பொருத்துகிறார்கள். சிரசு வந்த தெருவெல்லாம் தேங்காய் உடைபட்டு, காலடியில் இளநீர் ஓடியது. கூட்டத்தில் நசுங்கியபடி அந்த முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய பெரிய முகம், விழித்த கண்கள். வீட்டு ஆண்களின் கோபத்துக்குத் தலையைக் கொடுத்தவளை ஓர் ஊரே தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இத்தனை ஆண்டு வணங்கியும் வீட்டுக்குள் நடப்பது ஏன் மாறவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. பக்கத்தில் கைகூப்பி அழுதுகொண்டிருந்த அம்மாளைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. நானும் கும்பிட்டேன்.

எட்டாம் நாள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. வார்டன் அம்மாவின் கைப்பேசியைச் சுற்றி எல்லோரும். மகிழம்பூவுக்கு ஐந்நூற்றுக்கு 412. ஆவாரம்பூவுக்கு எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, கணக்கில் மட்டும் 29. முப்பத்தைந்து வேண்டும். அவள் யாரோடும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்த் துணி துவைக்க ஆரம்பித்தாள். துவைத்த துணிகளையே மறுபடியும் துவைத்தாள்.

மகிழத்தைப் பற்றி அவளே எழுதச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அவளுக்குப் பதினாறு வயது. தேர்வு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு அவளுக்குத் தாலி கட்ட நாள் குறித்துவிட்டார்கள். முந்தின இரவு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாரோ போன் செய்தார்கள். செய்தது தன் சிநேகிதி என்று அவளுக்குத் தெரியும்; இன்றுவரை இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. இங்கே வந்து, இங்கிருந்தே தேர்வு எழுதினாள்.

2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பதினெட்டு வயதாகாத பெண்ணுக்குத் திருமணம் நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எங்கள் நாட்டை உயர்த்திப் பேச எனக்கு வழியில்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பதினெட்டு என்று சொல்லிவிட்டு, மாநில முதல்வர் அனுமதித்தால் பதினாறிலும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

முடிவு வந்த சேதி கேட்டு மகிழத்தின் அம்மா வந்தார். முழங்கை வரை மடித்த பழைய ரவிக்கை, கையில் இரண்டு முழம் மல்லிகை. பார்வை நேரத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது, வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நானூறுக்கு மேலாமே? எங்கள் பக்கத்தில் யாரும் வாங்கினதில்லை” என்றார். பிறகு, “எப்போது அனுப்புவீர்கள்?” என்றார். அவருக்குக் கல்யாணம் ஆனபோது பதினைந்து வயதாம். மூத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றிக் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீர் கொண்டுபோகும்போது அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம் இருந்தது. எழுந்து வரும்போது இல்லை. அதற்காக மகிழம் வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்ல மாட்டேன். பூவை அவள் வாங்கிப் பாதியைக் கிள்ளி ஆவாரத்தின் தலையில் வைத்தாள்.

பதினோராம் நாள்

ஜூலையில் துணைத் தேர்வு. ஆவாரத்துக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இரண்டு வரைபடத் தாள் கட்டும் ஒரு காம்பஸ் பெட்டியும் வாங்க ஐடா ஸ்கடர் சாலைப் பக்கம் போனேன். கடைப் பலகைகளில் வங்காளம், இந்தி. மருந்துச்சீட்டும் கையுமாக நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த முகங்கள். இங்குள்ள சி.எம்.சி. என்ற பெரிய மருத்துவமனையை ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார்.

அந்தக் கதையைத் தமிழ்ப்பள்ளியில் கேட்டிருக்கிறேன். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் மனைவிக்கு உதவ இளம் ஐடாவை அழைத்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான அவருடைய அப்பாவை உள்ளே விட மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதில் ஒருத்திக்குப் பதினான்கு வயது. பள்ளியில் இதை ஐடாவின் கதையாகத்தான் கேட்டேன். இன்று அந்தச் சாலையில் நடக்கும்போது, பெயரே தெரியாமல் போன அந்தப் பதினான்கு வயதுக்காரிதான் கூடவே வந்தாள்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தாளில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டும் சேர்ந்து 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இந்த முப்பதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மீதி ஐந்து தானே வரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்கார டீச்சர். எங்கள் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி. அதற்கு மேல் கணக்கெல்லாம் மலாயில் படித்தவள் நான். ‘தொடுகோடு’ என்ற சொல் எனக்குத் தெரியவில்லை. ஆவாரம் வட்டம் ஒன்றை வரைந்து, அதன் விளிம்பை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு போகும் கோட்டை இழுத்துக் காட்டினாள். தேர்வு முடிவு வந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முதல் நீள வாக்கியம் அது.

பதினான்காம் நாள்

எல்லோரும் கோட்டைக்குப் போனோம். சாயங்காலம் நான்கு மணிக்குக்கூட அகழித் தண்ணீரிலிருந்து சூடு எழுந்தது. சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளிகளையும் குதிரை வீரர்களையும் சிறியவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஆட்டோப் பெரியவரின் சொலவடையை நான் சொன்னேன். மகிழம் உடனே மறித்தாள். “சாமி இல்லை என்பது பழைய கதை அக்கா. 1981-லேயே சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பாலாற்றிலும் 2021 நவம்பரில் கரை முட்ட வெள்ளம் போனது, நான் பார்த்தேன்.” ஆவாரம் ஒன்றும் சொல்லாமல் தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

திப்பு மகாலுக்கு முன்னால் நின்று வார்டன் அம்மா கதை சொன்னார். 1799-இல் திப்பு இறந்ததும் ஆங்கிலேயர்கள் அவர் பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் இந்தக் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலையில் திப்புவின் மகள் ஒருத்தியின் கல்யாணக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிப்பாய்கள் திட்டம் போட்டார்கள். 10-ஆம் தேதி விடியுமுன் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றே அடக்கியது. குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

தும்பை இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அந்தப் பெண்களை லீவுக்கு வீட்டுக்கு அனுப்பினார்களா?” என்றாள்.

வார்டன் அம்மா அவள் தலையைத் தடவி, “அவர்களுக்கு வீடு இருந்த ஊரே போய்விட்டது கண்ணு” என்றார்.

“அப்போது இங்கேயே இருக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு அவள் சுவரில் ஏறப் போனாள்.

பதினேழாம் நாள்

கோடை மழை. அரை மணி நேரம்தான். பத்தொன்பது பேரும் முற்றத்தில். எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

பதினெட்டாம் நாள்

மூன்றாம் விதியின் காரணம் இன்று தெரிந்தது. தும்பை தன் பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினாள். ஒரு ரப்பர் வளையல், பாதி தீர்ந்த நகப்பூச்சு, ஏதோ ஒரு நாட்டு நாணயம், இரண்டு வாழ்த்து அட்டை, கிளிப், சாவி வளையம். ஒவ்வொன்றையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். “இது வருகிறேன் என்று சொன்ன அக்கா கொடுத்தது. இதுவும். இதுவும் வருகிறேன் அக்காதான்.” ஏழு பொருள்.

ஏழு பேரும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். என்னைப் போலப் பாசத்தோடு வந்தவர்கள், அழுதுகொண்டே கிளம்பியிருப்பார்கள். வழக்கமாக எல்லோரும் சொல்வதைச் சொல்லியிருப்பார்கள். தும்பை டப்பாவை மூடும்போது சொன்னாள்: “அம்மாவும் அப்படித்தான் சொன்னாள், பஸ் ஸ்டாண்டில்.”

நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் பையில் அவளுக்காக வாங்கி வைத்த சிறு முத்துமாலை இருந்தது. இரவு அதை ஆயாவிடம் கொடுத்துவிட்டேன், பொதுப் பெட்டியில் போடச் சொல்லி. பிறகு கீழ் வீட்டு டீச்சரின் கதவைத் தட்டினேன். ஆவாரத்துக்கு ஜூலை வரை ஆள் வேண்டும், நான் இருக்க மாட்டேன் என்றேன். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு தெரு தள்ளிச் சும்மா இருக்கிறார். யாரும் கேட்கவில்லை என்கிறார். நாளை வார்டன் அம்மாவைப் பார்க்க வருகிறார். அவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.

இருபத்தோராம் நாள்

சான்றிதழ்ப் பட்டியல் முடிந்தது. நான்கு பிள்ளைகளுக்கு இன்னும் ஆதார் இல்லை என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மகிழம் பதினொன்றாம் வகுப்பில் சேர இல்லத்திலேயே தங்கலாம் என்று நலக் குழு உத்தரவு போட்டுவிட்டது. டீச்சர் நேற்று மாலை முதல் வகுப்பு எடுத்தார், வார்டன் அம்மா பக்கத்தில் இருக்க. நான் ஏழு நாளில் புரியவைத்ததை அவர் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிட்டார். ஆவாரம் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கவனம்.

ஆயா களி கிண்டிக்கொண்டிருந்தார். கால் தொட்டுக் கும்பிட்டேன். “உன் ஆயாவிடம் சொல், இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று” என்றார்.

முற்றத்தில் பாண்டி ஆட்டம். தும்பையின் முறை. கையில் சில்லோடு கம்பிக் கதவு வரை ஓடி வந்தாள். என் தோளிலிருந்த பெரிய பையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

“அக்கா, இது போய் வருவதா, போவதா?”

தொண்டை அடைத்தது. என் கொள்ளுப்பாட்டியிலிருந்து என் அம்மா வரை எங்கள் வீட்டில் யாரும் வாசலில் நின்று சொல்லாத சொல்.

“போவது” என்றேன். “போகிறேன், தும்பை.”

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். “சரி” என்றாள். பிறகு கட்டத்துக்குத் திரும்பிப் போய், ஒற்றைக் காலில் நின்று, சில்லை எறிந்தாள்.